சீட்டில் ஏறாத உயரம்

14

பாகூர் கடைத்தெருவில் வைத்தியலிங்கத்தின் உரக்கடை அன்றைக்குத் திறக்கவில்லை. பூட்டிய பலகைக் கதவில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், பட்டுப் பாவாடை வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்த மூன்று வயது ஆதிலட்சுமியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் வள்ளிநாயகி. இன்னும் கொஞ்ச நேரத்தில் மூலநாதர் கோயிலில் குழந்தைக்குக் காது குத்து.

"எல்லாம் சரிதான். யாரு மடியில வெச்சுக் குத்தறது? அத மொதல்ல சொல்லு," என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அத்தை விருத்தாம்பாள்.

வள்ளிநாயகி பாவாடை நாடாவை முடிந்தாள்.

"தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் செலியமேட்டுல இருக்கான். இங்க ஒண்ணுவிட்டவன் ரெண்டுவிட்டவன்னு எவனையாச்சும் உக்கார வெச்சா ஊரு சிரிக்காதாடி?"

"அப்பாவக் கேளுங்க அத்தை."

"உங்கப்பன் வாயத் தொறந்தாத்தானே."

வைத்தியலிங்கம் தன் மகன் பெயரைச் சொல்லி இரண்டு மாதமாகிறது. அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. எடுத்தால் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

மகன் ஏகநாதனும் மருமகன் சேதுராமனும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். எந்த ஊர் விமான நிலையம் என்பது நமக்கு வேண்டாம். வருகிற போகிற விமானங்களுக்கு எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிற வேலை. சேதுராமன் சீனியர். மைத்துனனைப் பரீட்சை எழுத வைத்துத் தன் பக்கத்து நாற்காலிக்குக் கொண்டு வந்தவனே அவன்தான். யூரியா வாங்க வந்த குடியானவர்களிடமெல்லாம் வைத்தியலிங்கம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போயிருக்கிறார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் எல்லாம் தலைகீழானது. சேதுராமன் எழுந்து ஏகநாதன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த சற்று நேரத்தில், மேகத்துக்குள் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. ஒரு விமானி கடைசி நொடியில் பார்த்துத் திருப்பியதால் மோதாமல் தப்பின. திருப்பிய வேகத்தில் பணிப்பெண் ஒருத்தி தூக்கி எறியப்பட்டு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். விசாரணை வந்தது. விமானத்தின் உயரத்தை மாற்றியிருக்கிறேன் என்று ஏகநாதனிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன் என்றான் சேதுராமன். ஏகநாதனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வீட்டாரிடம் மட்டும் சேதுராமன் இன்னொன்றும் சொன்னான். முதல் நாள் ராத்திரி ஏகநாதன் குடித்திருந்தானாம்.

வள்ளிநாயகி தம்பியிடமே கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"வள்ளி."

சேதுராமன் வாசற்படியில் நின்றான். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். "நீ போய் ஏகாவக் கூட்டிக்கிட்டு வந்துடு."

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "அப்பா இன்னா சொல்வாரோ..."

"மாமாகிட்ட நான் பேசிட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆயிரம் இருந்தாலும் கொழந்தைக்கு அவன்தானே மாமன்? அவன் மடியிலதான் காது குத்தணும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெயரையும் சேர்த்துக் கெடுத்த மைத்துனனைத் தானே முன்வந்து கூப்பிடுகிற மனுஷன். குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு அவள் செருப்பைத் தேடும்போது, சேதுராமன் கூடவே வாசல் வரைக்கும் வந்தான்.

"அப்படியே இன்னொண்ணு. நாளைக்குக் கடைசி விசாரணை. நாங்க ரெண்டு பேருமே சாயங்காலம் விழுப்புரம் போய் ரயில் ஏறியாகணும். 'உயரத்த மாத்தினத மாமா எங்கிட்ட சொன்னாரு, நான்தான் மறந்துட்டேன்'னு அவன் ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா, கொஞ்ச நாள் தண்டனை குடுத்து வேற ஊருக்கு மாத்துவாங்க. அதோட போச்சு. ஆளுக்கொண்ணு பேசினா ரெண்டு பேர் வேலைக்கும் ஆபத்து. நான் சொன்னா எடுபடாது. நீ சொன்னா கேப்பான்."

தம்பியின் நல்லதுக்குத்தானே என்று அவளும் தலையாட்டினாள்.

செலியமேட்டுக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் கூடைக்கார அம்மாள் ஒருத்தி, "இன்னாம்மா, பட்டுப்புடவ கட்டிக்கினு அழுவற?" என்று கேட்டாள். "சந்தோஷம்தாம்மா," என்றாள் வள்ளிநாயகி.

ஏகநாதன் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் வீரப்பனின் நெல் மில்லில் தங்கியிருந்தான். அறுவடைக் காலம்; ஞாயிற்றுக்கிழமையும் மில் ஓடியது. தலைமுடி, புருவம் எல்லாம் தவிடு படிந்து, மூட்டைக்கு நடுவிலிருந்து வந்தவனை அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"கொழந்தைக்குக் காது குத்து," என்றாள்.

"தெரியும். வீரப்பன் சொன்னான்."

"வா. நீதான் உக்காரணும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு தவிட்டைத் தட்டிக்கொண்டு, "மாமன் சீருன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லியேக்கா," என்றான். அவ்வளவு லேசில் அவன் கிளம்பிவிடுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வீரப்பன் உள்ளே போய்த் தன் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். ஏகநாதன் மில்லுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவப் போனான். அவளும் போனாள். அங்கே சத்தம் குறைவு.

சேதுராமன் சொல்லச் சொன்னதைச் சொன்னாள்.

முகம் துடைத்துக்கொண்டிருந்தவன் துண்டை எடுக்காமலே கேட்டான். "மாமா சொல்லி அனுப்பினாரா?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

"சரி. சொல்லிடறேன்."

அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப அவரு உங்கிட்ட சொன்னது நெசம்தானே?"

"ஒத்துக்கறேன்னுட்டேன் இல்ல? அத்தோட வுடு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு ஏகா. அன்னிக்கு நீ குடிச்சிருந்தியா?"

அவன் துண்டை எடுத்தான். "பாண்டிச்சேரிப் பையன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து ஆபீஸ்ல எல்லாரும் கேலியாக் கேக்கறதுதான். சிரிச்சிட்டுப் போயிடுவேன். நீ கேட்டதத்தான் தாங்க முடியல. அதான் வாயத் தொறக்கல."

"இப்பத் தொற."

அவன் தொட்டியின் கட்டையில் உட்கார்ந்தான். ஒரு கையை மற்றொரு கைக்கு மேல், இடைவெளி விட்டு வைத்துக் காட்டினான்.

"ஒண்ணுக்கு மேல ஒண்ணு போவணும்னா நடுவுல ஆயிரம் அடியாவது இருக்கணும். ஒவ்வொரு விமானத்துக்கும் எங்க முன்னால ஒரு சீட்டு இருக்கும். அது எந்த உயரத்துல இருக்குதுன்னு அதுல எழுதியிருக்கும். உயரத்த மாத்தினா பழசை அடிச்சிட்டுப் புதுசா எழுதணும். தெக்கேர்ந்து வந்த விமானத்துக்குச் சீட்டுல ஆறாயிரம்னு இருந்துது. மேக்கப் போவறது ஒண்ணு அப்பத்தான் கெளம்பிச்சு. அத ஐயாயிரம் வரைக்கும் ஏறுன்னேன். ஆயிரம் அடி இருக்குதில்ல? ஆனா தெக்கேர்ந்து வந்தத மாமா ஏற்கெனவே ஐயாயிரத்துக்கு எறக்கிட்டாரு. சீட்டுல மாத்தல."

"வாயால சொன்னதாத்தானே..."

"சொல்ல நேரம் ஏது? போன் வந்துது. 'பாகூர்லேர்ந்து ட்ரங்க் கால்'னு பியூன் கூப்பிட்டான். மாமா எழுந்து ஓடினாரு. போன் அந்த அறைக் கோடியிலதான். எடுத்துக் காதுல வெச்சிக்கிட்டே திரும்பி, 'எல்லாம் சீட்டுல இருக்குது, பாத்துக்க ஏகா'ன்னாரு. எங்கிட்ட சொன்னது அவ்ளோதான்க்கா."

வள்ளிநாயகி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ட்ரங்க் கால் அவள் போட்டது. காது குத்துக்கு நாள் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லப் பாகூர் தபாலாபீஸில் காத்திருந்து கூப்பிட்டாள். வேலையை முழுசாக ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பும்போதுதான் உன் போன் வந்தது என்று சேதுராமன் பிற்பாடு அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆனால் கம்பியின் இரைச்சலுக்குள் முதலில் கேட்ட குரல் அவளுக்கானதாக இல்லை. தூரத்தில், தம்பியிடம், "எல்லாம் சீட்டுல இருக்குது, பாத்துக்க ஏகா." அப்புறம்தான் பக்கத்தில் வந்து, "ம், சொல்லு வள்ளி." ஏதோ ஆபீஸ் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். தோட்டுக்குச் சிவப்புக் கல்லா வெள்ளைக் கல்லா என்று பேசினார்கள். நேரமாச்சு என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தபோது, நீட்டுங்க என்று சொன்னவன் அவன்தான். சிவப்பே இருக்கட்டும், நம்ம கொழந்தை நிறத்துக்கு எடுப்பா இருக்கும் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு நேரத்தில்தான் ஆகாயத்தில் அந்த இரண்டும் நெருங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

"இத ஏன்டா நீ விசாரணையில சொல்லல?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"மொத வாரமே மாமா வந்து கையப் புடிச்சிக்கிட்டாரு. 'போன் பேச்ச எடுக்காதே, எடுத்தா உங்கக்காவக் கூப்பிட்டு ஆபீசருங்க முன்னால நிக்க வெப்பாங்க. சீட்ட மாத்தாதது நான்தான்னு நானே சொல்லிடறேன்'னாரு. நம்பினேன். விசாரணை அன்னிக்கு என் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'ரெண்டு தடவ சொன்னேன், தலையாட்டினான்'னு சொன்னாரு. எனக்கு நாக்கே பொரளல."

"அப்புறமாச்சும் எங்கிட்ட வந்து..."

"வந்தேனே. வூட்டுக்கு வராதேன்னு அப்பா சொல்லிட்டாரு. நீ மூஞ்சி குடுத்துப் பேசல." அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "போவட்டும். ஒண்ணுதான் உறுத்துது. நான் மறந்துட்டேன்னு சொல்லி மூடிட்டா, தப்பு எங்க நடந்துதுன்னு அங்க யாருக்கும் தெரியாமலே போயிடும். இன்னொரு நாள் இன்னொருத்தன் அதே மாதிரி எழுந்து போவான். அன்னிக்கும் மேகத்துக்குள்ள ஒரு விமானி சரியான நேரத்துல பாப்பான்னு இன்னா நிச்சயம்?" என்றவன், "வாக்கா, கொழந்தைக்கு நேரமாவுது," என்று சைக்கிளை எடுத்தான்.

பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கேரியரில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அறுத்துக் கிடந்த வயல். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் கேட்டேன்டா, என் காதால கேட்டேன் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து வந்து அடங்கியது. சொன்னால் தன் புருஷன் கதி என்ன? சொல்லாவிட்டால் இவன் கதி என்ன? காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுததை நினைத்தபோது உடம்பு கூசியது. குழந்தையின் காது குத்தை வைத்துத் தம்பியை வலை போட்டுப் பிடித்துவரத் தன்னையே அனுப்பியிருக்கிறான் சேதுராமன்.

கோயில் வாசலில் சேதுராமன் ஓடி வந்து ஏகநாதனைத் தோளோடு அணைத்துக்கொண்டான். "வா மச்சான், வா. உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்." வைத்தியலிங்கம் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் கிட்டே வந்து, "அப்பா," என்றபோதும் தலை திரும்பவில்லை.

ஏகநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆதிலட்சுமி இரண்டு மாதமாகப் பார்க்காத மாமன் மடியில் தயங்காமல் ஏறிக்கொண்டாள். பத்தர் ஊசியை எடுத்ததும் அவன் தன் உள்ளங்கையால் குழந்தையின் கண்ணைப் பொத்தினான். குழந்தை வீறிட்டது.

அந்த அழுகைக்கு நடுவில் சேதுராமன் அவள் காதருகே குனிந்தான். "சொன்னியா? ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டான்."

அவன் விட்ட பெருமூச்சு அவள் கழுத்தில் பட்டது. குழந்தை அழுதுகொண்டிருக்க, தகப்பன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்த பிறகு வள்ளிநாயகிக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

வீட்டில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். அவள் சேதுராமனைக் கண்ணால் அழைத்துக் கடையின் கிடங்குக்குள் போனாள். கூரை வரைக்கும் யூரியா மூட்டை. பந்தியின் சத்தம் அங்கே அமுங்கிக் கேட்டது.

"அன்னிக்குப் போன எடுத்ததும் நீங்க மொதல்ல எங்கிட்டப் பேசலீங்க."

"எந்தப் போனு?"

"காது குத்துக்கு நாள் பாத்ததச் சொல்லக் கூப்பிட்டேனே. 'எல்லாம் சீட்டுல இருக்குது, பாத்துக்க ஏகா'ன்னீங்க. அதுக்கப்புறம்தான் 'சொல்லு வள்ளி'ன்னீங்க."

சேதுராமன் அவளை உற்றுப் பார்த்தான். "அவன் சொல்லிக் குடுத்தானா?"

"என் காதால கேட்டேன். நான் கேட்டது அவனுக்கு இன்னும் தெரியாது."

அவன் ஒரு மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தான். "இத்தன வருஷ சர்வீஸ்ல அது ஒண்ணுதான் வள்ளி. ஒரு நிமிஷம். ஒரு எழுத்து."

"தப்பு யாருக்கும் வரும். அதுக்காக நான் உங்கள ஒண்ணும் கேக்கல. அவன் குடிச்சான்னு ஏன் சொன்னீங்க?"

"நீங்கள்லாம் நம்பணுமே."

அவன் அதை ஒளிக்காமல், சாதாரணமாகச் சொன்னான்.

"நாளைக்கு நானும் வரேன். கேட்டத அங்க வந்து சொல்லப் போறேன்."

கோபப்படுவான், கெஞ்சுவான் என்று நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. "உங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டுக் கெளம்பு."

"அப்பாவுக்கு இதுல இன்னா?"

"அவருக்குத் தெரியும். கார்த்திகையிலயே நான் உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து வைத்தியலிங்கம், "மாப்பிள்ளை, இலை போட்டாச்சு," என்றபடி கிடங்கு வாசலுக்கு வந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"ஏகா மேல தப்பில்லேன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் மருமகனைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. சனங்க இருக்காங்க."

"தெரியுமா?"

"பையனுக்கு வேல போனா இந்தக் கடை இருக்குது, குந்திக்குவான். மாப்பிள்ளைக்குப் போனா நீயும் கொழந்தையும் எங்க நிப்பீங்க? எத்தினியோ நாள் தூக்கமில்லாம யோசிச்சேன். எனக்கு வேற வழி தெரியலம்மா."

"தெரிஞ்சுமா அவன வூட்டுக்கு வராதேன்னீங்க?"

வைத்தியலிங்கம் ஒரு மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். "கோவத்துல சொல்லலம்மா. அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

கிடங்குக்குக் கொல்லைப் பக்கம் இன்னொரு வாசல் உண்டு. காது வலியில் சிணுங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏகநாதன் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்திருக்கிறான். வள்ளிநாயகி திரும்பியபோது அவன் அந்த வாசற்படியில் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்குப் போன்ல நீயும் கேட்டியாக்கா?" என்றான் முதலில். அவள் தலையசைத்தாள். "சைக்கிள்ல வந்தப்ப சொல்லியிருக்கலாமே."

அவள் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

அவன் அப்பாவிடம் திரும்பினான். ஏதோ கேட்கப் போகிறான் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் வைத்தியலிங்கம், "சாப்புட்டுட்டுப் போப்பா," என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

ஏகநாதன் குழந்தையை அக்காவின் தோளுக்கு மாற்றினான். காதில் படாமல் அதன் தலையைச் சரித்து வைத்தான். வந்த வழியே போனான். "ஏகா, இலையில உக்காருடா," என்று பந்தியிலிருந்து விருத்தாம்பாள் கூப்பிடுவது கேட்டது. சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தமும் கேட்டது.

"சாயங்கால ரயிலுக்கு வருவானா?" சேதுராமன் எழுந்து நின்றான். நெற்றிச் சந்தனம் வியர்வையில் வழிந்திருந்தது. "வந்தா அங்க இன்னா சொல்லுவான்?"

"தெரியல," என்றாள் வள்ளிநாயகி. "அவன் வந்தாலும் வராட்டியும் நான் வரேன்."

குழந்தை மறுபடியும் சிணுங்கியது. "குடும்மா, நான் வெச்சிக்கறேன். நீ போய்ச் சாப்பிடு," என்று வைத்தியலிங்கம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் குழந்தையை மற்றொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர் சாத்திய கதவைத் திறந்து, பந்தியைத் தாண்டித் தெருவுக்கு நடந்தாள்.